ரொம்பச் சுத்தமான வானம்

வைன் கோப்பையின் தண்டை முறித்து
அடிக்கண்ணாடியை மட்டும் எடுத்துக்கொண்டாள் வீட்ஸ்கே.
அதன் வழியே பார்த்தால்
மெழுகுவர்த்தி இரண்டாகும்,
கொஞ்சம் நகர்த்தினால் வில்லாகும்,
நேருக்கு நேர் பிடித்தால் மோதிரம்.
"கனம் செய்கிற வேலை இவ்வளவுதான்."
கோப்பை, யெல்லேயின் வீட்டுக்காரியுடைய
ஆறில் ஒன்று.

அப்புறம் மூன்று மாதம்
குரோனிங்கனில் மழை.
நாங்கள் உள்ளே உட்கார்ந்து வானம் செய்தோம்,
நாற்பதாயிரம் வானம்.
இல்லாத ஒரு விண்மீன் மண்டலத்துக்குப் பின்னால்
இல்லாத இன்னொன்றை வைத்து
முன்னதன் நிறையைக் கூட்டக் கூட்ட
பின்னதன் ஒளி வளைந்து கொடுத்தது.
வில்லை வைத்த இடத்தில் வில் வந்தது.
பாதிப் படங்களில் வைத்தோம்,
பாதியில் வைக்கவில்லை.
எது எதுவென்று நிரல் படித்துக்கொண்டது.
நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு!
கால்வாயோரம் பொரித்த மீன் வாங்கித் தின்றோம்,
காகிதமெல்லாம் எண்ணெய்.

மறுநாள் நிஜ வானத்தைக் காட்டினோம்.
ஊரறிந்த பதினொரு வில்லைகளில்
இரண்டைத்தான் கண்டது.
செயற்கைக்கோள் இழுத்துவிட்டுப் போன கோட்டை
இதுதான், இதுதான் என்று சாதித்தது.

யெல்லே நிரலைத் திட்டினான்.
வீட்ஸ்கே எங்கள் படங்களையே
விடியும்வரை புரட்டிவிட்டு
"துடைத்து வைத்த வானத்தை
நீ எங்கே பார்த்தாய்?" என்றாள்.

அழுக்குச் சேர்த்தோம்.
காற்றின் நடுக்கம்.
செத்த பிக்சல்.
காஸ்மிக் கதிர் கிழித்த கீறல்.
சம்பந்தமில்லாமல் குறுக்கே நிற்கும்
ஏதோ ஒரு நட்சத்திரம்.
நிலா வெளிச்சம்கூட, ஒரு கரண்டி.

இப்போது பதினொன்றில் ஒன்பது.

கூடவே, யாரும் கேட்காத ஒன்று:
எண் 3117.
இரண்டு நீலப்புள்ளி, நடுவே மங்கலாய் ஒரு பழுப்பு.
வில் இல்லை, மோதிரமும் இல்லை.
வெவ்வேறு இரண்டு என்கிறான் யெல்லே.
ஒன்றுதான், இரண்டு வழியாக வந்திருக்கிறது
என்கிறேன் நான்.
போன வெள்ளிக்கிழமை லா பால்மாவிலிருந்து
ஒரு வரி வந்தது:
இடப்புள்ளி சற்றுப் பிரகாசித்திருக்கிறது.

ஒன்றுதான் என்றால்
வலப்புள்ளியும் அதே மாதிரி பிரகாசிக்க வேண்டும்,
சுற்றுவழியில் வருகிற ஒளிக்கு
நாற்பது நாளோ, ஐம்பதோ.
ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டியது
பதினேழாம் தேதி.

அட்டவணையில் அந்தக் கட்டத்தில்
"தெரியவில்லை" என்று தட்டச்சு செய்தாள் வீட்ஸ்கே.
அழித்தாள்.
திரும்பவும் அதையே தட்டினாள்.

யெல்லே வீட்டில்
கோப்பைகளை எண்ணிக்கொண்டிருக்கிறாளாம் வீட்டுக்காரி.
ஐந்துதான் வருகிறதாம்.
அந்த அடிக்கண்ணாடியை
அவள் கையில் கொடுத்து எண்ணச் சொல்லலாம்.