நாற்பது வெள்ளிக்குப் பனி

மின்சார பில்லின் முதுகில் கணக்கு.
செந்தூலிலிருந்து புக்கிட் பிந்தாங்,
மூன்று பேர், போக வர
ரயிலுக்குப் பத்து வெள்ளி.
ஜெய்ஷினியைக் கொஞ்சம் முட்டி மடக்கச் சொன்னால் எட்டு.
எட்டை எழுதினேன். அடித்தேன். பத்து.

மிச்சம் முப்பது.
பனித்திடலுக்குள் நுழைய ஆளுக்குப் பதினைந்து.
பூட்ஸ் அதில் சேர்த்தி, காலுறை தனி.
கையுறை வாடகை ஐந்து வெள்ளியாம்.
சிரித்துவிட்டேன்.
செலாயாங்கில் ஒரு ஷிப்டுக்கு நாலாயிரம் கைகளைப்
பெட்டியில் அடுக்குகிறவள் நான்.

வேலிக்கு வெளியே நின்றால் காசில்லை.
ஏழுக்கு ஒருமுறை, ஒன்பதுக்கு ஒருமுறை
கூரையிலிருந்து சோப்பு நுரை கொட்டுகிறார்கள்.
ஆறரைக்கே போய்
காற்றடிக்கும் பக்கமாக இடம் பிடிக்க வேண்டும்.
சூடான சாக்லேட் பதினாலு:
ஒரு கோப்பை, மூன்று ஸ்ட்ரா.
மீதிப் பதினாறைத் தொடமாட்டேன்.
டிசம்பர். மழை பிடித்துக்கொண்டால் கிரேப் எடுக்கணும்.

"பதினாறுல ஒருத்தர் உள்ள போலாமே"
என் தோளுக்கு மேலிருந்து கவினேஷ்.
"பாப்பா போகட்டும். ஒரு வெள்ளி மிஞ்சும்."
மழையை அவன் கணக்கில் சேர்க்கவில்லை.

காலுறை, பள்ளிக்கூடத்து வெள்ளை. துவைத்தாயிற்று.
கையுறைக்கு சூப்பர்வைசரைக் கேட்டேன்.
கழிவில் போன ஒரு ஜோடி, நீலம்,
அவளுக்கு முழங்கை வரை வருகிறது.
வலது சுண்டுவிரலில் ஊசித்துளை.

இப்போது ஒத்திகை.
ஐஸ்பெட்டியில், கெம்போங் மீனுக்குப் பின்னால்
கையை விட்டுச் சுரண்டுகிறாள்.
எப்படி இருக்கு?

"சுண்டுவிரலுக்கு மட்டும் குளிருதும்மா."