நார் எடுத்தல்

முதல் நாள் என் ஹோர்ன் பேசியபோது
எதிர் மலையில் நாய்கள் மட்டும் பதில் சொன்னன.

மூன்று தேயிலைப் பெட்டிப் பலகை,
ஸ்டோரில் கழித்துப் போட்ட வாட்டத் தொட்டியின் தகரம்,
அட்டனில் பழைய சாமான் கடையில்
மழை விடும்வரை பேரம் பேசி வாங்கிய ஒரு யூனிட்.
வாய் அகலம் ஒரு முழமும் நாலு விரலும்.
கணக்கெல்லாம் கொப்பியில் போட்டுத்தான் வளைத்தேன்.
கணக்கு சரி.
சத்தம், தகர டப்பாவில் கல்.

பள்ளத்துக்கு அந்தப் பக்கம், மேல் டிவிசன் தண்ணீர்த் தொட்டியடியில்
டெய்சிராணி டார்ச்சோடு நிற்பாள்.
ஒருமுறை மினுக்கினால்: கேட்குது.
இரண்டு முறை: விளங்குது.
மூன்றுக்கு நாங்கள் அர்த்தம் வைக்கவில்லை.
தேவைப்படும் என்று தோன்றவில்லை.

ஸ்டோரில் அவள் சல்லடைப் பக்கம்.
பதினோரு வருசமாய்த் தூளில் நார் பொறுக்குகிற கண்;
காதும் அப்படித்தான் என்று பிறகே தெரிந்தது.
"நேத்து ஒன் சத்தம் அம்புட்டும் டஸ்ட்டு.
பெரிய எல ஒன்னுமில்ல.
மாமான்னு சொன்னா ஆஆன்னு வருது."

அன்றிரவு தொண்டையைத் திறந்தேன்.
ஹோர்னிலும் அந்த இடத்துக்குத் தொண்டை என்றுதான் பேர்.
யூனிட்டின் வாய் ஓர் அங்குலம், என் பலகைத் துளை ஒன்றேகால்.
நடுவே ஒரு படி.
கண்ணுக்குத் தெரியவில்லை, சுண்டுவிரலுக்குத் தெரிந்தது.
இத்தனை நாளும் சொற்கள்
வாசலிலேயே தடுக்கி விழுந்திருக்கின்றன.
மரத்தூளும் மெழுகும் குழைத்து அப்பி
விடியும்வரை இழைத்தேன்.

அடுத்தது தகரத்தின் கூச்சல்.
ரோட்டு வேலைக்காரரிடம் தார் கேட்டு வாங்கி
தவிடு கலந்து முதுகெல்லாம் பூசினேன்.
காம்பரா முழுக்க ரோடு மணந்தது.
மனைவி பாயைத் தூக்கிக்கொண்டு இஸ்தோப்புக்குப் போய்விட்டாள்.
தட்டிப் பார்த்தேன்:
டங் என்றிருந்தது தொப் என்றது.

"இப்ப பி.ஓ.பி. ஆனாலும் நார் கெடக்கு.
நடுவுல ஒரு எடத்துல ஆளே இல்ல."

உண்மைதான். கீழ்ப்பெட்டி தனியாகப் பேசினால் நல்ல மனிதன்.
ஹோர்ன் தனியாகப் பேசினால் நல்ல மனிதன்.
சேர்த்து விட்டால்
யாரோ எழுந்து போய்விட்ட நாற்காலி.
ஒன்று காற்றை முன்னால் தள்ளும் நேரம்
மற்றது பின்னால் இழுக்கிறது;
இரண்டும் உழைக்கின்றன, காற்று நின்ற இடத்திலேயே நிற்கிறது.
சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் மாற்றிக் கடித்தேன்.
பெட்டியை ஒன்பது அங்குலம் பின்னால் நகர்த்தினேன்.
ஒன், டூ, த்ரீ என்றேன்.

எதிரே
மினுக், மினுக், மினுக்.
பிறகு பனி வந்து மலையை எடுத்துக்கொண்டது.

காலையில் ஓடினேன். மூன்றென்றால் என்ன?
"நார் இல்லன்னுதான். ஒன்னே ஒன்னத் தவிர.
த்ரீயில கரகரங்குது."

இன்னும் இரண்டு இரவு.
கெப்பாசிட்டர் மாற்றினேன், ஆணி முறுக்கினேன்,
தாரைச் சுரண்டி மறுபடி பூசினேன்.
கரகரப்பு அங்கேயே.
கடைசியில் மனைவி வந்து, தூக்கக் கலக்கத்தில்,
மைக்கை வாங்கி த்ரீ என்றாள்.
கண்ணாடி மாதிரி.

பதினாலு வருசம் உருட்டு மெசினடியில் நின்ற தூசி
என் தொண்டையில்.
அதை எந்தச் சாண்ட் பேப்பரால் இழைக்க?
டெய்சிராணியிடம் சொன்னபோது
சல்லடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
"அது கெடக்கட்டும். அந்த ரகத்துக்கு வெல வேற."

ஆடி வெள்ளி.
அட்டன் செட்டுக்காரன் பதினெட்டாயிரம் கேட்டதால்
கோயில் கூரைமேல் என் ஹோர்ன், வாயைப் பள்ளத்துக்குக் காட்டி.
பாட்டுக்கு முன்னால் முதல் அறிவிப்பு என் குரலில்:
பச்சைக் குடை ஒன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது,
கம்பி ஒன்று வளைந்திருக்கும்,
உரியவர் வந்து பெற்றுக்கொள்ளவும்.

அந்தப் பக்கத்து மழையில்
டார்ச் மூன்று முறை மினுக்கியது.
சத்தத்துக்கா, குடைக்கா,
இன்னும் கேட்கவில்லை.