மார்ச்சில் முளைக்கும் பொன்

முதல் கேள்வியே அதுதான்:
"இங்கே டிரவுட் கிடைக்குமா?"
கிடைக்காது என்று சொல்லத்தான்
எனக்கு உரிமம் கொடுத்திருக்கிறார்கள்.
டிரவுட்டுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும் ஐயா.
எங்களிடம் குளிர் இருப்பது
கடைத்தொகுதிகளுக்குள்.

ஹத்தகேயாமா சிரிக்கவில்லை.
குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.
ஹொக்கைடோக்காரர், ஓய்வுபெற்ற பல் மருத்துவர்.
கிராஞ்சி ரயில் நிலைய வாசலில்
கோப்பி ஓ பையைச் சுண்டுவிரலில் மாட்டியபடி
அடுத்ததைக் கேட்டார்:
"அப்படியென்றால், வசந்தம் எப்போது?"

ஏழு மணிக்கு சுங்கை பூலோ கதவு திறந்தது.
நீர் வடிந்த சேற்றில்
பவளக்காலிகள் ஓடின, நின்றன, ஓடின.
கோட்டான் ஒன்று
வளைந்த அலகைக் கண்வரை செருகி
நண்டை இழுத்தது.
உப்புக்கொத்திகளைக் காட்டினேன்.
டிசம்பரில் இவை சேற்றின் நிறம்;
நகர்ந்தால்தான் பறவை.
இப்போது முதுகெங்கும் பொன் புள்ளி,
வயிற்றில் கருப்பு,
மை ஊறத் தொடங்கிய துணி மாதிரி.
தின்கின்றன, தின்கின்றன,
போகவேண்டிய தூரத்தை உடம்பில் கட்டுகின்றன.

"எங்கே போகும்?"
வடக்கே, என்று கையை நீட்டினேன்.
என் விரல் நீரிணையைத் தாண்டி
ஜொகூர் பாரு அடுக்குமாடிகளில் முட்டி நின்றது.
பதினோரு வருடமாக
அதுதான் என் வடக்கு.

பத்து மணிக்கு நீர்த்தேக்கம்.
உயிர் இரை கூடாது, ரொட்டி கூடாது,
நான்கு மொழிகளிலும் ஒரே அபராதம்.
அவர் ஒரு தகர டப்பாவைத் திறந்தார்.
உள்ளே ஈக்கள்: நூலும் இறகும் வைத்து
அவரே கட்டியவை, அரிசி அளவு.
"கரண்டிவாய் தோமானுக்கு இந்தக் கொசுவா?"
பக்கத்தில் ரப்பர் தவளையை வீசிக்கொண்டிருந்த ரோஸ்லி
மலாயில் கேட்டார்.
அதை மொழிபெயர்த்தேன். ஹத்தகேயாமா தலைவணங்கினார்.

ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார்.
"மே மாதம், எங்கள் ஆற்று முகத்தில்
மணலில் கிடந்த இறகு."
தொலைநோக்கியைத் திருப்பிப் பிடித்தால்
உருப்பெருக்கி.
பார்த்தேன்.
கருப்பின் விளிம்பில் பல் பல்லாய்ப் பொன்.

இந்தப் பொன் வடக்கே போய் முளைப்பதில்லை.
புறப்படுமுன் முளைக்கிறது,
இந்த மாதிரி ஒரு மார்ச்சில்,
இந்த மாதிரி ஏதோ ஒரு சேற்றின்
நண்டையும் புழுவையும் தின்று.
எங்கள் சேறுதான் என்று சத்தியம் செய்ய முடியாது.
ஆனாலும் சொன்னேன்:
"உங்கள் வசந்தம் இங்கேதான் தைக்கப்படுகிறது போலிருக்கிறது."
என் ஆங்கிலத்தில் அது
தையல் கடை விளம்பரம் போல் ஒலித்தது.
அதையும் எழுதிக்கொண்டார்.

இரண்டு மணி நேரம் ஒன்றுமில்லை.
தோள்பட்டை வெயிலில் உரிந்தது.
பிறகு கோல் நுனி மெல்லத் தலையாட்டியது.
உள்ளங்கை அகலம், சாம்பல் நிறம்,
முள்ளை விரித்து முறைத்தது.
"இதன் பெயர்?"
ஜிலேபி, என்றேன். அது ஓர் இனிப்பும்கூட.
விரலால் காற்றில் வளையம் வளையமாய்ப்
பிழிந்து காட்டினேன்.

ரோஸ்லி எட்டிப் பார்த்தார்.
"எங்கப்பா இதை ஈக்கான் ஜெப்பூன் என்பார், தில்லை.
போர்க்காலத்தில் வந்த மீன்."
இதை நான் மொழிபெயர்க்கவில்லை.
ஆனால் ஜெப்பூன் என்ற சொல்
தன் வேலையைத் தானே செய்தது.
ஹத்தகேயாமா குறிப்பேட்டை எடுத்தார்,
எழுதாமல் சட்டைப்பையில் வைத்தார்.
மீனின் வாயிலிருந்து கொக்கியை
பல் மருத்துவர் விரல்களால்
வலிக்காமல் கழற்றினார்.
இறகு வரவில்லை. உள்ளேயே போயிருந்தது.

ரோஸ்லி தன் பையிலிருந்து
ஒரு கறிபஃப்பை எடுத்து
இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியை அவரிடம் நீட்டினார்.
மூவரும் தண்ணீரைப் பார்த்தபடி
பேசாமல் நின்றோம். எனக்குப் பாதி கிடைக்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் சேறு காலி.
நேற்றைய குழுவில் சப்பாத்து நனைந்த ஒரு பையன்
எல்லாம் எங்கே என்றான்.
கையை நீட்டினேன்,
அடுக்குமாடிகளுக்கு மேலே
கொஞ்சம் உயர்த்தி.