திறப்பு

தெல்லிப்பழை யாட்டில் சீமெந்துக் கல்லுப் போடுகிறோம்.
போன மாசிவரை
மூடையின் வயிற்றைக் கீறிக் கொட்ட
ஆறு பேர், ஆறு கத்தி.
மூடைக்கு இவ்வளவென்று கூலி.
மூச்சைப் பிடித்துக்கொண்டு கீறுவோம்,
விட்ட மூச்சை இழுக்கிற நேரம்
அடுத்த மூடை பிளந்திருக்கும்.

என்ர துவாயை இவள் முற்றத்தில்தான் அலசுவாள்.
அலசிய தண்ணீர் கானுக்குள் இறுகி
ஒரு வருசத்தில் விரல் மொத்தக் கல்.
"உங்கட நெஞ்சுக்குள்ள எவ்வளவோ"
என்று கேட்டுவிட்டு
அவளே கதையை மாற்றினாள்.

இப்போது சைலோ நிற்கிறது, தென்னை உயரம்.
லொறியிலிருந்து நேரே குழாய்.
அடியில் திருகாணி சுழன்று
தானே நிறுத்துத் தானே கொட்டுகிறது.
கத்திகள் றாக்கையில்.

முதல் கிழமை
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தோம்.
கிழவனென்று நான் இடம் விட்டுக்கொடுத்த
தவச்செல்வனுக்கு இருபத்தெட்டு வயதாம்,
தலை கரிக் கறுப்பு.
மரியநேசன் அண்ணைக்கு இடக்கன்னத்தில் மச்சம்.
அதைப் பார்த்ததும் அந்த ஒரு கிழமைதான்.
மூன்று பேர் போதுமென்றார்கள்.
எக்ஸ்றேயில் வெள்ளை விழுந்தவர் முதலில் போனார்.
ஐஸ் கொம்பனி வாசலில் துண்டு கிழிக்கிறாராம்,
இருமல் மட்டும் இன்னும் யாட்டு இருமலாம்.

எனக்குக் கண்ணாடி அறை,
பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு.
காலைச் சட்டை மாலையிலும் காலைச் சட்டைதான்.
கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது.

ஆனால் தூசி ஒழிந்துபோகவில்லை, கண்டியளோ.
உச்சியில் ஒரு பெட்டிக்குள்
துணிப்பைகளைக் கட்டிப்பிடித்துக் கூடியிருக்கிறது.
ஆறு பேர் பங்கிட்டதை
சனிக்கிழமைகளில் ஒருவன் ஏறித் தட்டவேண்டும்.
"பத்து நிமிசம்தானே தம்பி" என்றார் மனேச்சர்.
அந்தப் பத்து நிமிசத்துக்கு நீட்டினார்
காதில் மாட்டுகிற நீலத் துணி,
கொரோனாக் காலத்து மிச்சம்.

பெட்டியின் திறப்பை
காற்சட்டைப் பைக்குள் போட்டேன்.
உறிஞ்சு குழாய் வரட்டும்,
முகத்தை இறுக்கிப் பிடிக்கிற கவசம் வரட்டும்.

பதினொன்றரைக்குச் சிவப்பு எரிந்தது.
திருகாணி நின்றது.
மனேச்சர் கொழும்புக்குப் போனில் கத்துவது
தெளிவாய்க் கேட்டது.
தவச்செல்வன் பிளேன்ரீ ஊற்றினான்.
கோப்பையைக் கையால் பொத்தாமல்
நடு யாட்டில் வைத்துக் குடித்தோம்,
மேலே ஆடை படியவில்லை.

இரவு பஸ்ஸில் போட்டுவிடுகிறார்களாம்.
எந்த இரவென்று
மனேச்சர் சொல்லவில்லை.