பெருவிரல்

இருபத்தாறு வருஷம் குடித்தனம்.
அந்தத் தோல் ஏப்ரன் பெட்டிச் சாவியை
டைட்டஸ் என்னிடம் தந்ததில்லை.
"மேசன் கூட்டம்" என்பார். அவ்வளவுதான்.

முதலாளி கைவிட்ட கப்பலொன்று
காசிமேட்டுக்கு எதிரே நங்கூரத்தில் கிடந்தபோது
ஒடெசாக்காரன் ஒருவன் கைகுலுக்கினான்.
பெருவிரல் எங்கே அழுந்தியதோ,
மறுநாள் என் அரிசி மூட்டை படகேறியது,
தண்ணீர் கேன்கள்,
டிக்கெட்டுக்கு என் வளையல் ரெண்டும்.
ஒரு வாரம் நான் பேசவில்லை.

போன டிசம்பர் புயல்.
டைட்டஸ் இல்லாத முதல் மழை.
ராயபுரமே இருட்டு, முட்டியளவு தண்ணீர்.
போனில் உடைந்த இங்கிலீஷ்:
"கரண்ட் இருக்கா, சிஸ்டர்?"
"இல்லை. உங்க ஊரில்?"
"இங்கேயும் இல்லை. குண்டு."
ஏனோ சிரித்துவிட்டோம்.

விடிந்ததும் மண்ணடியிலிருந்து
மீன்பாடி வண்டியில் ஒரு ஜெனரேட்டர்.
தள்ளிவந்த பெரியவர் கையை நீட்டினார்.
எனக்கு அந்தக் குலுக்கல் தெரியாது.
டீ போட்டேன்.