பத்து மதிப்பெண் வினா

"மரபா, சூழலா? விவாதிக்க."
காலையில் ராமநாதபுரத்தில் தேர்வு.
கரண்ட் போன தங்கச்சிமடத்தில்
செல்போன் வெளிச்சத்தில் படிக்கிறேன்.
என் வினாவின் இரு தரப்பும்
எதிரே ஒரே பாயில் உறங்குகின்றன.

மெர்சினா ஒன்பதாம் மாதமே நடந்துவிட்டாள்.
ஜோவிட்டா பதினாறு மாதம் உட்கார்ந்தே இருந்தாள்.
பிறகொரு மதியம், யாரும் கூப்பிடாமல்,
ஐஸ் பெட்டியைப் பிடித்து எழுந்து
நேற்றும் நடந்தவள்போல் வாசலுக்குப் போனாள்.
(வளர்ச்சி சரிவா, படிக்கட்டா?
அது ஐந்து மதிப்பெண்.)

ஒரே வயிறு, ஒரே பால்.
அப்பன் ரத்தம் என்கிறாள் நாத்தனார்.
வளர்ப்பு என்கிறார் அங்கன்வாடி டீச்சர்.
அவர் சொல்வது என்னை.

தென்கடல் புரளும் மாதங்களில்
வடகடல் தூங்குகிறது.
காற்று திரும்பினால் இது எழும், அது படுக்கும்.
பாம்பன் வழியே போய்வருவதோ ஒரே தண்ணீர்.
எதனால் என்று யாரும் விவாதிப்பதில்லை,
வலையைத் தூக்கிக்கொண்டு
அந்தக் கரைக்குப் போய்விடுகிறார்கள்.

சாயங்காலம் புத்தகம் சொன்னபடி
சோழிகளை இரண்டு வரிசையாக அடுக்கினேன்,
ஆறும் ஆறும். ஒன்றை மட்டும் அகட்டி வைத்து
"எதில் அதிகம்?" என்றேன்.
நீண்டதைத் தொட்டாள் மெர்சினா,
நாலு வயதுக்குப் புத்தகம் எழுதிய விடை.
ஜோவிட்டா "யாருக்கு?" என்று கேட்டாள்.
நான் பக்கம் புரட்டுவதற்குள்
பன்னிரண்டையும் பாவாடையில் அள்ளிக்கொண்டு ஓடினாள்.

இப்போது புரண்டு படுக்கிறாள்.
தலையணை அடியில் கலகலக்கிறது.
எண்ணிப் பார்த்தேன்: பதினொன்று.

மெர்சினாவின் மூடிய கைக்குள் ஒன்று.
கொடுத்தாளா, எடுத்தாளா
புத்தகத்தில் இல்லை.
வீட்டில்தான் இருந்தேன்,
நானும் பார்க்கவில்லை.