எல்லாம் பிழைத்த வருடம்

செத்ததை எண்ணுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
அக்டோபரில் ஒரு தடவை,
பனி உருகியபின் மே மாதத்தில் ஒரு தடவை,
வரிசைக்கு ஒரு மீட்டர் அளந்து குச்சி நட்டு
இத்தனை இருந்தன, இத்தனை இருக்கின்றன என்று
பென்சிலால் எழுதுவேன்.
பேனா மை இந்தக் குளிரில் பாதி எண்ணில் நின்றுவிடும்.

குவோப்பியோவுக்கு வடக்கே, ஏரியைப் பார்த்துச் சரியும் நிலம்.
அறுநூற்று நாற்பது வரிசைக் கோதுமை.
ஹில்க்காதான் அவற்றுக்குச் சம்பந்தம் பேசியவள்:
தாய் வடக்கத்திக்காரி, நெடுநெடுவென்று, மகா கஞ்சம்,
எந்தக் குளிரிலும் மூச்சைப் பிடித்துக் கிடப்பாள்;
தகப்பன் டென்மார்க்கிலிருந்து வந்த குட்டையன்,
கதிர் கொள்ளாத மணி,
முதல் உறைபனிக்கே கையை விரித்துவிடுவான்.
ஜூலையில் இடுக்கியோடு குனிந்து
பூவுக்கு மூன்று மகரந்தப்பை கிள்ளி,
காகித உறை மாட்டி, கிளிப் போட்டு, தேதி எழுதி,
இப்படிப் பதினோரு வருடம்.
பிள்ளைகள் பெரும்பாலும்
தகப்பனின் குளிர்பயத்தையும்
தாயின் கஞ்சத்தனத்தையும்
கேட்டு வாங்கிக்கொண்டு பிறந்தன.

நவம்பரில் ஒரு செடியைப் பிடுங்கி
வேரும் தண்டும் சேரும் கழுத்தைக் கடித்துப் பாருங்கள்.
இனிக்கும்.
உறைந்துபோகாமல் இருக்கச் சர்க்கரை சேர்த்து வைத்திருக்கிறது.
பயத்துக்கும் ருசி உண்டென்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.
கதகதப்பிலேயே வளர்த்தால்
புல்லாகவே கிடக்கும், பூக்காது.
வாரக்கணக்கில் நடுங்கினால்தான்
சரி, கதிர் விடலாம் என்று அதற்குத் தோன்றும்.

போன வருடம் குளிர்காலம் வரவே இல்லை.
ஜனவரியில் மழை.
கிறிஸ்துமஸ் தாண்டியும் ஏரி அலையடித்தது;
மீன்பிடிக்கப் பனியைத் துளைக்கும் கருவி புதிதாக வாங்கிய அர்மாஸ்
அதைச் சுவரில் சாத்திவிட்டு முறைத்துக்கொண்டிருந்தான்.
மே மாதம் எண்ணினேன்.
நூற்றுக்கு நூறு. தொண்ணூற்றெட்டு. நூறு. நூறு.
ஹெல்சிங்கியிலிருந்து வந்த அதிகாரி
பச்சையைப் பார்த்துவிட்டுக் கைகுலுக்க நீட்டினார்.
ஹில்க்கா கையைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.
"ஒன்றுகூடச் சாகவில்லையே,
இதில் யார் யாரென்று நான் எப்படிச் சொல்வேன்?"
அன்று மாலை என் குறிப்பேட்டை அவள் திறக்கவே இல்லை.

இந்த வருடம் வந்தது, வட்டியோடு.
பிப்ரவரியில் மழை பனியைக் கரைத்தது;
இரவோடு இரவாக வயல் முழுக்கக் கண்ணாடி.
மூடிய போத்தலுக்குள் முப்பத்தொரு நாள்.
நடந்தால் பாதத்துக்கு அடியில் பச்சை தெரியும்,
உயிரா வெறும் நிறமா என்று தெரியாது.
உருகியபோது புளித்த தவிட்டு வாடை,
இலைமேல் ஒட்டடைபோல் சாம்பல் பூஞ்சை.
பூஜ்யம், பூஜ்யம், இரண்டு, பூஜ்யம்.
பென்சில் வட்டம் போட்டே தேய்ந்தது.

ஐந்நூற்று இருபத்தொன்றாம் வரிசையில் முப்பத்தெட்டு.
மறுபடி எண்ணினேன்.
முப்பத்தேழு. ஒன்று களை.

அது ஹில்க்கா நம்பிய வரிசை இல்லை.
இலை சப்பை, நிறம் மங்கல்,
"நீக்கலாம்" என்று அவளே இரண்டு தடவை
ஓரத்தில் எழுதி, மறந்துபோன வரிசை.
மண்டியிட்டுப் பார்த்தாள். முழங்கால் நனைந்தது.
"ஆகஸ்டில் தராசு பேசட்டும்" என்றாள்.
தராசு பேசியது:
தாயைவிட அதிகம், தகப்பனில் முக்கால்.
சிரித்தாளா என்று கேட்காதீர்கள்.
அடுத்த ஜூலைக்குக் காகித உறை
இரண்டாயிரம் வாங்கிவைக்கச் சொன்னாள்.

இப்போது செப்டம்பர். ஊசி ஊசியாய் முளை.
வீட்டில் மின்கட்டணச் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு
"இந்தத் தடவையாவது இதமாக இருக்கட்டும்" என்கிறான்
என் கணவன் தைஸ்தோ.
ஆமாம் என்று தலையாட்டுகிறேன்.
பிறகு குப்பை கொட்டும் சாக்கில் வெளியே வந்து,
வாளியைக் கீழே வைத்து,
பக்கத்து வீட்டுக்குக் கேட்காத குரலில்
வானத்திடம் சொல்கிறேன்:
வா. கொஞ்சம் கொன்றுவிட்டுப் போ.